முள்ஷியும் முப்பந்தலும்: இரண்டு அவசரங்களின் கதை

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்கு மேற்கே, தண்டவாளத்தை ஒட்டினாற்போல வடக்கு தெற்காக ஒரு சாலை ஓடுகிறது. டாக்ஸிக்காரரிடம் 'துளசி பைப் ரோடு' என்றால்தான் புரியும். துளசி ஏரித் தண்ணீர் அந்த வழியாகக் குழாயில் வந்ததால் வந்த பெயர். கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா வாசிகள் எல்லோரும் தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்தச் சாலையை மிதித்திருப்போம். கார்ப்பரேஷன் பலகையில் இருக்கும் பெயர் வேறு: சேனாபதி பாபட் மார்க்.

யார் இந்த சேனாபதி பாபட்? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "ஏதோ சுதந்திரப் போராட்ட வீரர்" என்பார்கள். சரிதான். ஆனால் அவருக்கு 'சேனாபதி' என்ற பட்டம் வந்தது வெள்ளைக்காரனை எதிர்த்ததற்காக மட்டும் அல்ல. மும்பைக்கு மின்சாரம் கொண்டுவரக் கட்டப்பட்ட ஓர் அணையை எதிர்த்ததற்காக! அந்த அணை இன்றும் இருக்கிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் இன்றும் இந்த ஊருக்குத்தான் வருகிறது. அவர் பேர் போட்ட சாலையின் விளக்குகளிலும் அதில் ஒரு துளி எரியலாம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் மேஜைக்கு வரும் கடன் விண்ணப்பங்களில் சூரிய மின்சாரம், காற்றாலை என்று வருபவை கூடிக்கொண்டே போகின்றன. கூடவே ஒரு பல்லவியும் வருகிறது. "சார், ப்ராஜெக்ட்ல ஒரு குறையும் இல்ல, அனுமதிதான் லேட்." அரசாங்கமும் அதையேதான் சொல்கிறது. 2016ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'வெள்ளை வகை' என்று ஒன்றை உண்டாக்கி, சூரிய, காற்று மின் திட்டங்களை அதில் சேர்த்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்கி அலைய வேண்டாம், தகவல் சொன்னால் போதும். 2022 ஜூனில் வந்த விதிகளின்படி, பசுமை மின்சாரத்தை வேறு இடத்திலிருந்து வாங்க விண்ணப்பித்தால் 15 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். 2024 பிப்ரவரியில் இன்னொன்று: வீட்டுக் கூரையில் 10 கிலோவாட் வரை சூரியத் தகடு போட, மின் நிறுவனம் தொழில்நுட்ப ஆய்வு என்று இழுத்தடிக்க முடியாது. (மாட்டுங்காவில் இதெல்லாம் பெரிய உதவி இல்லை. சர்க்கார் 15 நாளில் கொடுத்துவிடும். ஹவுசிங் சொசைட்டி பொதுக்குழு கொடுக்க வேண்டாமா? மூன்றாவது மாடிக்காரருக்கு மொட்டை மாடியில் வடாம் காயப் போட இடம் வேண்டுமே!)

இந்த அவசரத்தை நான் கேலி செய்யவில்லை. வங்கிக்காரனுக்குத் தாமதத்தின் விலை நன்றாகவே தெரியும். கணக்கு எளிது. 100 கோடி ரூபாய்த் திட்டம், 70 கோடி கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் முழுவதும் கொடுத்தாகிவிட்டது, இயந்திரங்களும் நின்றாகிவிட்டது, ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் மாதம் 52 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும். வருமானம் பூஜ்யம். ஆறு மாதம் போனால் மூன்று கோடிக்கும் மேல். அந்தப் பணம் கடைசியில் யூனிட் விலையில்தான் போய் உட்காரும். ஆகவே 'சீக்கிரம் கொடுங்கள்' என்பது நியாயமான கோரிக்கை.

எதைச் சீக்கிரம் கொடுப்பது, எதைச் சீக்கிரம் எடுப்பது என்பதில்தான் சிக்கல். நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஊருக்காக இதே அவசரம் ஒரு தடவை பட்டிருக்கிறார்கள். அந்தக் கதைக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் என்றால் நூற்பாலைகள். ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பாய்லர், ஒரு புகைபோக்கி. நிலக்கரியோ வங்காளத்துப் பக்கமிருந்து வரவேண்டும். இந்த நிலையில், மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழையை மேலே தேக்கி, கொங்கணப் பக்கம் செங்குத்தாகக் கீழே விட்டால் மின்சாரம் எடுக்கலாமே என்ற யோசனை ஜாம்ஷெட்ஜி டாடாவைப் பிடித்துக்கொண்டது. டேவிட் காஸ்லிங் என்ற பம்பாய்க் கட்டடக் கலைஞர் அதற்கு முன்பே லோணாவ்ளா மலைகளைச் சுற்றிப் பார்த்து வைத்திருந்தார். யோசனை பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஜாம்ஷெட்ஜி 1904ல் இறந்துபோனார். கம்பெனி பதிவானது 1910ல். லண்டனில் பணம் திரட்டப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிறகு கவர்னர் சர் ஜார்ஜ் கிளார்க் (பின்னாளில் சிடன்ஹாம் பிரபு) ஊக்கம் கொடுக்க, சமஸ்தான ராஜாக்களும் உள்ளூர் வியாபாரிகளும் பங்கு வாங்கினார்கள். 1911 பிப்ரவரியில் அடிக்கல். 1915 பிப்ரவரியில் கோபோலியிலிருந்து மின்சாரம். லோணாவ்ளா, வல்வண், ஷிராவ்டா என்று மூன்று ஏரிகள், சுமார் 500 மீட்டர் வீழ்ச்சி. அங்கிருந்து உயர் அழுத்தக் கம்பியில் பரேல் வரை. அடிக்கல்லிலிருந்து நாலே வருடம்! அந்தக் காலத்துக்கு அசுர வேகம்தான்.

அடுத்து ஆந்திரா பள்ளத்தாக்குத் திட்டம். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது ஆந்திரா என்ற சின்ன ஆறு, பூனா ஜில்லாவில்.) 1916ல் கம்பெனி, 1922ல் பிவ்புரியில் மின் உற்பத்தி. மூன்றாவதாக 1919ல் டாடா பவர் கம்பெனி. அதற்கான அணை, முளா ஆறும் நிலா ஆறும் கூடும் இடத்தில், முள்ஷி பேட்டாவில்.

கொஞ்சம் யோசித்தால் முதல் உலகப் போர்தான் இந்த அவசரத்துக்குப் பெட்ரோல் ஊற்றியது. ரயில் வேகனும் கப்பலும் யுத்தத்துக்குப் போய்விட, ஆலைகளுக்கு நிலக்கரி பெரும்பாடு. பம்பாய்க்கு மின்சாரம் வேண்டும், உடனே வேண்டும். ஆலை முதலாளிக்கும் வேண்டும், சர்க்காருக்கும் வேண்டும், தேசாபிமானிகளில் பாதிப் பேருக்கும் வேண்டும். 'சுதேசித் தொழில்' அல்லவா?

இந்த இடத்தில் அனுமதி எப்படிக் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள். கையில் இருந்த சாவி 1894ம் வருடத்து நிலம் கையகப்படுத்தும் சட்டம். 'பொதுக் காரியம்' என்று சர்க்கார் முத்திரை குத்திவிட்டால் போதும், தனியார் கம்பெனிக்காகவும் நிலத்தை எடுத்துக் கொடுக்கலாம். நிலத்துக்காரன் விலையைப் பற்றி வழக்குப் போடலாம். 'கொடுக்க மாட்டேன்' என்று சொல்லும் வழி சட்டத்தில் நடைமுறையில் இல்லை. முள்ஷியில் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். விவசாயிகளுக்கு முறையாகத் தகவல் சொல்வதற்கு முன்பே வயல்களில் சோதனைக் குழிகள் வெட்ட ஆரம்பித்தாயிற்று. தன் வயலில் கடப்பாரை விழுந்த பிறகுதான் தன் ஊர் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று ஒருவனுக்குத் தெரிகிறது என்றால், அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

சுமார் ஐம்பது கிராமங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். சிவாஜி படையில் இருந்த மாவளர்களின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசும் கூட்டம். அம்பேமோஹர் என்ற வாசனை நெல் விளையும் பூமி. (தாதர் கடைகளில் இன்றும் கிடைக்கும். வெறும் சாதத்துக்கே வாசனை தூக்கும். நம்மூர் சீரகச் சம்பாவுக்கு ஒரு சித்தி மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

1921 ஏப்ரல் 16, ராமநவமி அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அணை கட்டும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். கோஷம், 'உயிர் அல்லது நிலம்'. முன்னணியில் பாண்டுரங்க மகாதேவ் பாபட், விநாயகராவ் புஸ்குடே முதலானவர்கள். பாபட் ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. எடின்பரோவுக்குப் படிக்கப் போய், பாரிசில் வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொண்டு திரும்பியவர். அந்த மனிதர் மாவள விவசாயிகளோடு வயலில் வந்து உட்கார்ந்தார். காந்தியும் 'யங் இந்தியா'வில் இதைப் பற்றி எழுதினார். சட்டம் கொடுத்த உரிமையை வைத்து மட்டும் பார்க்காமல், விருப்பம் இல்லாத சொந்த நாட்டு மக்களைப் பற்றி டாடாக்கள் யோசிக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். மழைக்காலத்தை ஒட்டி வேலை சில மாதம் நின்றது. மழை முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது, கைதுகளும் ஆரம்பித்தன.

இது ஏன் தோற்றது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி. பாடப் புத்தகம் மாதிரி 'அடக்குமுறையால் நசுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. ராஜேந்திர வோரா என்ற பூனா ஆய்வாளர் முள்ஷி சத்தியாக்கிரகத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் காட்டும் விஷயம் இது: முள்ஷியில் நிலத்தை உழுதவர் ஒருவர், பதிவேட்டில் நிலத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். கடனுக்கு நிலம் எழுதி வாங்கிய பூனா சாவுகார்களிடம் நிறைய நிலம் போயிருந்தது. உழுதவனுக்கு வேண்டியது நிலம். சாவுகாருக்கு வேண்டியது நல்ல விலை. ஆரம்பத்தில் இருவரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். நஷ்ட ஈட்டுப் பேச்சு வந்ததும் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் மெல்ல எழுந்து போய்விட்டார்கள். பெயர் இல்லாதவனுக்கு எழுந்து போக இடமும் இல்லை, வாங்கிக்கொள்ளப் பணமும் இல்லை.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இதைப் படித்தால் சுருக்கென்று தைக்கும். நாங்கள் பார்ப்பது எப்போதும் காகிதம்தான். மகாராஷ்டிரத்தில் 'சாத் பாரா', அதாவது ஏழு பன்னிரண்டு என்ற உரிமைப் பதிவு. நம்மூரில் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. காகிதம் சரியாக இருந்தால் எங்கள் மனசாட்சி சுத்தம். அந்தக் காகிதத்துக்கு வெளியே ஒருவன் மூன்று தலைமுறையாக நாற்று நட்டுக்கொண்டிருந்தான் என்பது எந்தக் காலத்திலும் எந்த பைலிலும் ஏறுவதில்லை.

1924 டிசம்பரில் பாபட் கடைசி முயற்சியாக, அணை வேலைக்காரர்களை ஏற்றிச் சென்ற ரயிலை நிறுத்தப் பார்த்தார். ஏழு வருட சிறைத் தண்டனை. சத்தியாக்கிரகம் அதோடு முடிந்தது. 1927ல் பிராவில் மின் உற்பத்தி தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1919 முதல் 1927 வரை எட்டு வருடம். இதில் சத்தியாக்கிரகத்தால் வேலை நின்றது சில மாதங்கள்தான். மீதியெல்லாம் மலையைக் குடைய, கல்லைக் கட்ட, குழாய் இறக்க ஆன காலம். அந்த ஜனங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வருடம் பேசியிருந்தால் பம்பாய் இருட்டிலா கிடந்திருக்கும்? கோபோலியும் பிவ்புரியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தனவே.

அணை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கோபோலி, பிவ்புரி, பிரா மூன்றும் சேர்ந்து இன்று 447 மெகாவாட். நூறு வருடமாகக் கரியில்லாமல், புகையில்லாமல் ஓடுகிறது. செம்பூர் பக்கம் டிராம்பேயில் அனல் மின் நிலையம் வந்ததே 1956ல்தான். அதுவரை இந்த ஊரின் விளக்கு பெரும்பாலும் மழைத் தண்ணீரில் எரிந்தது. 2019 மார்ச்சில் மத்திய அரசு பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று அறிவித்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக அவசர அனுமதி கொடுத்த கதையில் முள்ஷி நமக்கெல்லாம் பாட்டன்.

சரி, இப்போது தெற்கே போவோம். நம்மூர்.

முப்பந்தல் கதை இதற்கு நேர் எதிர். அங்கே யாரும் சத்தியாக்கிரகம் செய்யவில்லை. நிலம் கையகப்படுத்தும் சட்டத்தை யாரும் தொடவும் இல்லை. ஆனாலும் ஓர் அவசரம் இருந்தது, அது வேறு மாதிரி அவசரம்.

முதலில் காற்றை அளந்தவரைச் சொல்லாமல் போவது பாவம். அன்னா மாணி என்ற வானிலை விஞ்ஞானி. பீர்மேட்டில் பிறந்தவர். இந்தியாவில் எங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று தரவுகளைத் திரட்டி 1983ல் புத்தகமாகப் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் பெங்களூரில் இருந்துகொண்டு நாடு முழுக்கக் கம்பம் நட்டுக் காற்றை அளக்க வைத்தவர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை ஆளைத் தள்ளும் காற்று என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். ஆனால் 'தெரியும்' என்பதை வைத்துக் கடன் கொடுக்க முடியாது, எண் வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தவர் அந்த அம்மாள்.

1986ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முதல் மாதிரிக் காற்றாலைப் பண்ணை. ஒவ்வொன்றும் 55 கிலோவாட், இன்று பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். தொடர்ந்து 1993 வரை மின்வாரியமே 120 காற்றாலைகளை, மொத்தம் 19 மெகாவாட் சொச்சம், பல இடங்களில் நட்டது. வேலை செய்கிறது என்று தெரிந்ததும் தனியார் வந்தார்கள். எப்படி வந்தார்கள்? காற்றைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம், வருமான வரிச் சட்டத்தைப் பார்த்து வந்தவர்கள் நிறைய.

நான் படித்தது பி.காம்., ஆகவே இந்தப் பகுதியை மட்டும் ரசித்து ரசித்துச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

அப்போது காற்றாலைக்கு முதல் வருடத்திலேயே 100 சதவீதத் தேய்மானம். 1994-95ல் கம்பெனி வரி, சர்சார்ஜோடு சேர்த்து 46 சதவீதம். அதாவது ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்கினால், லாபம் உள்ள கம்பெனிக்கு அந்த வருடமே 46 லட்சம் வரி மிச்சம். இதில் ஒரு நுணுக்கம். சொத்தை அந்த வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான். ஆக, செப்டம்பர் 30க்குள் ஓடவிட்டால் முழுசு, மார்ச் 31க்குள் ஓடவிட்டால் பாதி. இந்த இரண்டு தேதிகள்தான் முப்பந்தலின் பொங்கலும் தீபாவளியும். காற்று மே மாதம் வருகிறது. ஆனால் இயந்திரத்தை மார்ச் 31ல் 'இயக்கி'க் காட்டிவிட வேண்டும். இறக்கை சுற்றினால் சரி, எவ்வளவு யூனிட் என்று வரித்துறை கேட்கப் போவதில்லை.

வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கத்துக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் நீள நீள டிரெய்லர்களில் வெள்ளை இறக்கை போவதைப் பார்க்கவே நெடுஞ்சாலையில் நிற்போம். பொட்டல் காடாகக் கிடந்த மானாவாரி நிலத்துக்குத் திடீர் மவுசு. வேட்டி கட்டிய புரோக்கர்கள் சஃபாரி சூட்டுக்கு மாறினார்கள். விற்றவர்கள் விரும்பித்தான் விற்றார்கள், ஆனால் அந்த நிலத்தின் மேலே அடிக்கும் காற்றுக்கு என்ன விலை என்று தெரியாமல் விற்றார்கள். அது சட்டப்படி ஏமாற்று அல்ல. சந்தை அப்படித்தான்.

தமிழ்நாட்டில் புதிதாக நட்ட காற்றாலைகளின் அளவு 1993-94ல் சுமார் 50 மெகாவாட், 1994-95ல் சுமார் 190, 1995-96ல் சுமார் 280. பிறகு? 1996-97ல் 120க்கு விழுந்தது, 1997-98ல் வெறும் 31. பட்டம் அறுந்த மாதிரி. லாபம் காட்டியும் வரி கட்டாத கம்பெனிகளுக்குக் குறைந்தபட்ச வரி என்று மத்திய பட்ஜெட்டில் போட்டது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் நம் விஷயத்துக்கு வேண்டியது.

இயந்திரம் வந்த வேகத்துக்கு சப்-ஸ்டேஷன் வரவில்லை. கிராமத்து பம்புசெட்டுக்காகப் போட்ட மெலிந்த கம்பிகளில் கொண்டுபோய் காற்றாலைகளை மாட்டினார்கள். ஐரோப்பியக் கட்டமைப்பை நினைத்துச் செய்த இயந்திரம் நம்மூர் வோல்டேஜில் திணறியது. நல்ல காற்று அடிக்கும்போது லைன் ட்ரிப் ஆகும், இறக்கை சும்மா நிற்கும். ஒன்றன் காற்றை ஒன்று மறைக்கிற மாதிரி நெருக்கி நட்டவர்களும் உண்டு. 1995 ஜூலையில் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் விழித்துக்கொண்டு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. முறையான திட்ட அறிக்கை வேண்டும், எந்த இயந்திரம் எந்த இடத்தில் என்று ஆராய்ந்து காட்ட வேண்டும், இயந்திரத்துக்குத் தரச் சான்று வேண்டும், கட்டமைப்பில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது, புது அனுமதிகள்! இன்று 'ஏன் இத்தனை காகிதம்' என்று புலம்புகிறோமே, அதில் சில காகிதங்கள் அந்த இரண்டு மூன்று வருடக் கூத்தைப் பார்த்து வந்தவை. எந்த அதிகாரியும் பொழுது போகாமல் கண்டுபிடித்தவை அல்ல.

இதில் பெரிய தமாஷ் பின்னால் வந்தது. 2003 மின்சாரச் சட்டம் மின் உற்பத்திக்கு லைசென்ஸே வேண்டாம் என்றது. காற்றாலைகள் மறுபடி பெருகின. 2012ல் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 7,000 மெகாவாட். அதே 2012ல்தான் ஊரெல்லாம் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் வீடு கட்டிய வருடம். ஆனால் காற்று சீசனில் பல காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், மின்சாரத்தை எடுத்துப் போகக் கம்பி போதாது என்று. ஒரு பக்கம் இருட்டு, இன்னொரு பக்கம் வீணாகும் காற்று. காற்றாலை நட அனுமதி ஒரு வருடத்தில் கிடைக்கிறது, 400 கிலோவோல்ட் பாதை போட ஐந்தாறு வருடம் ஆகிறது. முதல் கையெழுத்தை மட்டும் வேகப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சூரிய மின்சாரத்திலும் இதே கதை. 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களை நிறுத்தச் சொன்னது கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்ல, வணிகக் காரணங்களுக்காகவும்தான் என்று கண்டு, இழப்பீடு தரச் சொன்னது.

(இடையில் ஒரு கொசுறு. காற்றாலைக்காரர்கள் 'பேங்கிங்' என்று சொல்வது எங்கள் பேங்கிங் இல்லை. ஆடி மாதம் கூடுதலாக வரும் மின்சாரத்தை மின்வாரியக் கணக்கில் போட்டுவைத்து, காற்று இல்லாத மாதத்தில் எடுத்துக்கொள்வது. கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் டெபாசிட்காரர்கள் இவ்வளவு ஒழுங்காக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

முள்ஷியில் ஜனங்களைக் கேட்கவில்லை. முப்பந்தலில் கம்பியைக் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்த ஓர் இடமும் உண்டு, அதுவும் நம் மும்பைக்குப் பக்கத்திலேயே. பீமாசங்கர் சரணாலயத்தை ஒட்டிய மலைகளில், டாடாக்களின் பழைய ஆந்திரா ஏரியின் பெயரிலேயே ஒரு காற்றாலைத் திட்டம் வந்தது. கிட்டத்தட்ட 200 ஹெக்டேர் காட்டு நிலம். மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை வல்லுநர் குழு 2011ல் கொடுத்த அறிக்கையில் இதைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. இங்கே அடர்ந்த காடு இருக்கிறது, மலை அணில் இருக்கிறது, அனுமதிக்கக் கூடாது என்று உள்ளூர் வனச்சரக அதிகாரி எழுதியதை மேலதிகாரிகள் ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார்கள் என்கிறது. காட்டில் வாழ்பவர்களின் உரிமைகளை 2006ம் வருட வன உரிமைச் சட்டப்படி முடிவு செய்யாமலே என்றும் சொல்கிறது. காற்றாலைக்கு அகலச் சாலை வேண்டும், செங்குத்து மலையில் சாலை போட்டால் மழைக்கு மண் சரியும். காற்று சுத்தம்தான், சாலை சுத்தம் இல்லையே. சூரிய, காற்று மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவையில்லை என்ற சலுகை பொட்டல் காட்டில் நியாயம். பீமாசங்கரில் அதே சலுகையை அப்படியே நீட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

முள்ஷியை எடுத்த 1894 சட்டம் எப்போது போனது தெரியுமா? 2013ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தபோது. 119 வருடம் தாக்குப்பிடித்தது, வெள்ளைக்காரன் போன பிறகே 66 வருடம்! புதுச் சட்டத்தில் தனியாருக்காக எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும், சமூகத் தாக்க ஆய்வு வேண்டும், நிலம் இல்லாமல் அதை நம்பிப் பிழைப்பவர்களும் கணக்கில் வருவார்கள். முள்ஷியில் எழுந்து போக இடமில்லாமல் நின்றவனுக்குக் காகிதத்தில் ஓர் இடம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2014 டிசம்பரிலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது, சில வகைத் திட்டங்களுக்குச் சம்மதமும் ஆய்வும் வேண்டாம் என்று. 2015 ஆகஸ்டில் அது காலாவதி ஆனது. ஆனால் மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை, தத்தமது திருத்தங்களைக் கொண்டுவந்துவிட்டன. தமிழ்நாடு, மகாராஷ்டிரம் இரண்டும் அதில் அடக்கம்.

என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஊர்க்காரர்களின் சம்மதம் அல்ல. ஒரே நில வரைபடத்தை நாலு அலுவலகத்துக்கு நாலு விதமாகக் கொடுப்பது. ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொருவர் 'அவர் போட்டதன் நகல் எங்கே' என்பது. உரிமைப் பதிவில் 1970களில் இறந்துபோன தாத்தா பெயர் இன்னும் இருப்பது. இதையெல்லாம் கம்ப்யூட்டரிலும் பதினைந்து நாள் கெடுவிலும் சரிசெய்யலாம், சரிசெய்யவும் வேண்டும். ஆனால் 'விரைவுபடுத்து' என்ற கத்தி எப்போதும் முதலில் விழுவது கருத்துக் கேட்புக் கூட்டத்தின் மேல்தான். அது ஒன்றுதான் எதிர்த்துப் பேசும் தாள்.

பழைய மலைகளுக்கே கதை மறுபடி வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் டாடா பவர் மகாராஷ்டிர அரசோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. இரண்டு நீரேற்று மின் திட்டங்கள், மொத்தம் 2,800 மெகாவாட், சுமார் 13,000 கோடி ரூபாய். பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, ராத்திரி கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு இது வேண்டும், சந்தேகமே இல்லை. இடங்கள்: ஷிராவ்டாவில் 1,800, பிவ்புரியில் 1,000. 1915லும் 1922லும் வந்த அதே இரண்டு பெயர்கள். மத்திய மின்துறை அமைச்சகமும் இப்படிப்பட்ட திட்டங்களை ஊக்குவிக்க 2023 ஏப்ரலில் தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது.

பழைய ஏரியைப் பயன்படுத்துவதால் புதிதாக மூழ்குவது குறைவு என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சாலை வேண்டும், சுரங்கம் வேண்டும், வெட்டிய கல்லைக் கொட்ட இடம் வேண்டும், கம்பி போகும் வழி வேண்டும். இந்த மாதிரி பைல் எங்கள் பக்கம் எந்த வங்கிக்கு வந்தாலும் முதல் கட்டில் ஏழு பன்னிரண்டு இருக்கும், அதில் பெயர் உள்ளவர்களின் பட்டியல் இருக்கும். அந்த மாவள் மலைச்சரிவுகளில் யாருடைய மாடு மேய்கிறது, யார் நாச்சினி விதைக்கிறார்கள் என்ற பட்டியலை யார் கேட்கப் போகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.